வங்கித் தலைமையகத்தின் உள்ளே



வங்கி என்றதும் நம் கண்முன் வருவது எது? பட்டணத்துக் கடைவீதியில் இருக்கும் கிளை, அங்கே நீண்டு நிற்கும் வரிசை, முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர், வாசலோரத்தில் உள்ள பணப் பட்டுவாடா இயந்திரம். இவற்றைத்தான் நாம் வங்கி என்று எண்ணுகிறோம். ஆனால், வங்கி வேலையின் பெரும்பகுதி அந்தக் கிளையில் நடப்பதில்லை. கோலாலம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தலைமையகங்களில், பொதுமக்கள் நுழையாத மாடிகளில், வரிசை வரிசையான மேசைகளில் அது நடக்கிறது. அந்தப் பகுதிக்குச் செயற்பாட்டுப் பிரிவு என்று பெயர். பிள்ளைகள் அதனை 'ஆபரேஷன்ஸ்' என்பார்கள்.

இன்று அந்த மாடிகளில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இதனை நாம் அறிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் சம்பளமும் சேமநிதியும் சொக்சோ இழப்பீடும் இன்று ஏதாவது ஒரு தலைமையகத்தின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்கின்றன. இரண்டாவது, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., பட்டயம், பட்டம் என்று படித்து அந்த மேசைகளில் போய் அமர்கிறார்கள். "வங்கியில் வேலை என்கிறாயே, பணம் எண்ணுகிறாயா?" என்று தாயார் கேட்டால், "இல்லையம்மா, நான் பணத்தைப் பார்ப்பதே கிடையாது" என்று மகள் பதில் சொல்கிறாள். பணத்தைப் பார்க்காமல் வங்கியில் என்ன வேலை என்று தாயாருக்கு வியப்பாக இருக்கிறது. வியப்பு நியாயமானதே.

தோட்டத்து வேலையையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறோம். மண்டோர் பெயர் பதிகிறார். பாலை நிறுத்து எடை எழுதுகிறார்கள். செம்பனையாக இருந்தால் குலைகளை எண்ணிக் குறிக்கிறார்கள். அந்தக் குறிப்பு தோட்ட அலுவலகத்துக்குப் போகிறது. கிராணியார் அதைச் செக்ரோலில் ஏற்றுகிறார். மாத முடிவில் அந்தச் செக்ரோலைப் பார்த்துத்தான் சம்பளம் கணக்கிடப்படுகிறது. நாம் எவ்வளவு உழைத்திருந்தாலும், செக்ரோலில் ஏறாத நாள் சம்பளத்தில் ஏறாது. உழைப்பு காட்டில் நடக்கிறது. அந்த உழைப்பு பணமாவது ஏட்டில் நடக்கிறது. வங்கித் தலைமையகம் என்பது நாடு முழுமைக்குமான ஒரு பெரிய செக்ரோல் என்று வைத்துக்கொண்டால், பாதி விளக்கம் முடிந்துவிட்டது.

இனி, ஒரு மாதச் சம்பளம் தோட்ட அலுவலகத்திலிருந்து நம் கணக்குக்கு எப்படி வந்து சேருகிறது என்பதைத் தொடர்ந்து பார்ப்போம்.

தோட்ட நிர்வாகம் ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அதிலே ஒவ்வொருவரின் பெயர், அடையாளக் கார்டு எண், வங்கிக் கணக்கு எண், தொகை ஆகியவை இருக்கும். அதன் கீழே மொத்தத் தொகை இருக்கும். இந்தப் பட்டியல் இன்று கணினி வழியே நிர்வாகத்தின் வங்கிக்குப் போகிறது. தலைமையகத்தில் முதலில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இந்த உத்தரவைக் கொடுத்தவருக்கு அதற்கான அதிகாரம் உண்டா? நிர்வாகத்தின் கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறதா? தனித்தனித் தொகைகளைக் கூட்டினால், கீழே எழுதியுள்ள மொத்தம் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்த பிறகே பட்டியல் அடுத்த படிக்குச் செல்லும்.

மூன்றாவது கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மூன்று தொழிலாளர்களின் சம்பளம் 1,700 வெள்ளி, 1,870 வெள்ளி, 1,960 வெள்ளி. மொத்தம் 5,530 வெள்ளி. ஆனால், பட்டியலில் உள்ள தொகைகளைக் கூட்டிப் பார்த்தால் 5,440 தான் வருகிறது. 90 வெள்ளி குறைகிறது. பிழை எங்கே?

பழகிய கணக்கர் முதலில் அந்த 90 ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பார். வகுபடுகிறது. அப்படியானால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 72-ஐ 27 என்று எழுதினால் வித்தியாசம் 45. இலக்கங்கள் இடம் மாறும்போதெல்லாம் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே அமையும். இங்கே வித்தியாசம் 90 என்பதால், நூறாம் இடத்து இலக்கமும் பத்தாம் இடத்து இலக்கமும் மாறியிருக்க வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றாக இருக்க வேண்டும். 1,700-இல் அவை 7, 0. பொருந்தவில்லை. 1,960-இல் 9, 6. அதுவும் பொருந்தவில்லை. 1,870-இல் 8, 7. பொருந்துகிறது. பட்டியலைப் பார்த்தால், 1,870 என்பது 1,780 என்று பதிவாகியிருக்கிறது. பள்ளியில் நாம் ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது, "இது எதற்கு, சார்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுவே விடை. அந்தப் பிழை பிடிபடாமல் போயிருந்தால், ஒரு குடும்பத்துக்கு அந்த மாதம் 90 வெள்ளி குறைந்திருக்கும்.

பட்டியல் சரியென்று ஆனதும், நிர்வாகத்தின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது; தொழிலாளர் கணக்குகளில் வரவு எழுதப்படுகிறது. ஒரு பக்கத்தில் பற்று எழுதினால் மறுபக்கத்தில் அதே அளவு வரவு எழுதியாக வேண்டும் என்பது விதி. இதற்கு இரட்டைப் பதிவு முறை என்று பெயர். இத்தாலி நாட்டு வணிகர்களிடம் வழங்கிவந்த இம்முறையை லூக்கா பசியோலி என்ற துறவி 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் விளக்கி எழுதினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், கணினிகள் வந்தும், அந்த விதி மாறவில்லை.

தொழிலாளியின் கணக்கும் நிர்வாகத்தின் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் வேலை அத்துடன் முடிந்துவிடும். வேறு வங்கியில் இருந்தால்? நிர்வாகத்தின் கணக்கு ஒரு வங்கியில் இருக்கிறது. நம் கணக்கோ பேங்க் சிம்பானான் நேஷனலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அஞ்சலகச் சேமிப்பு வங்கியாக இருந்து, 1974-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று இந்தப் பெயரில் மாறிய வங்கி அது. தோட்டத்தார் பலருக்கு முதன்முதலில் சேமிப்புப் புத்தகம் கொடுத்ததும் அதுவே. ஒரு வங்கியிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை மூட்டையாகக் கட்டி அனுப்புவதில்லை. இதற்கென்று பொதுவான ஓர் இணைப்பு இருக்கிறது. அதனை இன்று நடத்துவது 2017-ஆம் ஆண்டில் உருவான பேநெட் நிறுவனம். 2018-இல் வந்த டுயிட்நவ் சேவையையும் நடத்துவது அதுவே.

நாள் முழுதும் எல்லா வங்கிகளுக்கும் இடையே எண்ணற்ற சிறு தொகைகள் போய்வருகின்றன. முதல் வங்கி இரண்டாவது வங்கிக்கு 500,000 வெள்ளி கொடுக்க வேண்டும். இரண்டாவது வங்கி முதல் வங்கிக்கு 420,000 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் ஒருவருக்கொருவர் கடன் வைத்திருந்து, மாத முடிவில் வித்தியாசத்தை மட்டும் கொடுத்துத் தீர்த்துக்கொள்வது போல, இவ்விரு வங்கிகளும் 80,000 வெள்ளியை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. அந்தத் தொகை மாறும் இடம் பேங்க் நெகாரா. 1959-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நம் நாட்டின் மத்திய வங்கி அது. ஒவ்வொரு வங்கிக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. 1999-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ரெந்தாஸ் என்னும் அமைப்பின் வழி, ஒரு வங்கியின் கணக்கில் பற்றும் மற்றதன் கணக்கில் வரவும் எழுதப்படுகின்றன.

இவ்வளவும் நடந்த பிறகு தலைமையகத்தில் முக்கியமான வேலை ஒன்று தொடங்குகிறது. அதற்கு ஒத்திட்டுப் பார்த்தல் என்று பெயர். நம் ஏடு ஒரு தொகையைச் சொல்கிறது. எதிர் வங்கியின் ஏடு ஒரு தொகையைச் சொல்கிறது. பேங்க் நெகாராவின் ஏடு ஒரு தொகையைச் சொல்கிறது. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றைக் கணினியே பொருத்திவிடும். பொருந்தாமல் நிற்பவை மட்டும் மனிதரின் மேசைக்கு வரும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கலாம், கணக்கு மூடப்பட்டிருக்கலாம், ஒரே தொகை இரண்டு முறை வந்திருக்கலாம். உரியவர் யாரென்று தெரியும் வரையில் அந்தப் பணம் ஒரு தற்காலிகக் கணக்கில் காத்திருக்கும். ஊழியர் ஒவ்வொன்றாக எடுத்து, கடிதம் எழுதி, தொலைபேசியில் கேட்டு, அதனதன் இடத்தில் சேர்ப்பார். ஆபரேஷன்ஸ் என்று நம் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இந்த வேலைதான். உரியவரைத் தேடிப் பணத்தைச் சேர்க்கும் வேலை.

தலைமையகத்தில் மாறாத ஒழுங்கு இன்னொன்று உண்டு. ஒருவர் பதிவார், மற்றொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். பதிந்தவரே அனுமதிக்க முடியாது. எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் முடியாது. இது ஊழியரைச் சந்தேகிப்பது ஆகாதா என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடையாக, நமக்கு அண்மையில் உள்ள சிங்கப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1762-ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய பழம்பெரும் வங்கி பேரிங்ஸ். அதன் சிங்கப்பூர் நிறுவனத்தில் 1992-ஆம் ஆண்டு முதல் நிக் லீசன் என்ற இளைஞர் பணிபுரிந்தார். பங்குச் சந்தைக் குறியீடுகளில் பேரம் பேசி வாங்குவதும் விற்பதும் அவர் வேலை. அந்தப் பேரங்களைக் கணக்கில் பதிந்து சரிபார்க்கும் பின்னலுவலகப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. பாலை நிறுப்பவரே எடையும் எழுதி, எழுதியதைத் தாமே சரிபார்த்து, சம்பளமும் பட்டுவாடா செய்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஏற்பட்ட நட்டங்களை அவர் 88888 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கில் மறைத்து வைத்தார். நட்டத்தை ஈடுகட்ட மேலும் மேலும் பேரம் பேசினார். 1995 ஜனவரி 17-ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது; ஜப்பானியப் பங்குச் சந்தை சரிந்தது; நட்டம் பெருகியது. பிப்ரவரி மாத இறுதியில் உண்மை வெளிவந்தபோது நட்டம் 80 கோடி பவுனுக்கும் மேல். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வங்கி, ஒரே ஒரு பவுன் விலைக்கு ஐ.என்.ஜி. என்ற டச்சு நிறுவனத்திடம் கைமாறியது. லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

பதிபவர் வேறு, பார்ப்பவர் வேறு என்ற எளிய விதி அங்கே காக்கப்பட்டிருந்தால், மறைத்த கணக்கு வெகு சீக்கிரம் வெளிப்பட்டிருக்கும். ஆகவே, ஒரு மேலதிகாரி நம் பிள்ளையிடம், "நானே பார்த்துவிட்டேன், நீ அனுமதித்துவிடு" என்று அவசரப்படுத்தினால், "ஐயா, ஒரு முறை பார்த்துவிட்டு அனுமதிக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லும் துணிவு அந்தப் பிள்ளைக்கு வேண்டும். பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று நாம் வீட்டில் வளர்க்கிறோம். அந்த அடக்கம் நல்லதுதான். ஆனால், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பதும் ஒழுக்கமே என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். மலாயும் ஆங்கிலமும் பிழையின்றி எழுத வரவேண்டும். ஏனெனில், பாதி வேலை கடிதமும் மின்னஞ்சலும்தான். வெறும் தட்டெழுத்து வேலையைக் கணினி எடுத்துக்கொண்டுவிட்டது; கணினி பொருத்த முடியாததைச் சிந்தித்துத் தீர்ப்பவருக்கே இடம். மாத முடிவிலும் ஆண்டு முடிவிலும் வீடு திரும்ப நேரமாகும். புகழ் கிடைக்காது; எல்லாம் சரியாக நடந்தால் யாரும் நினைக்க மாட்டார்கள், ஒன்று தவறினால் எல்லாரும் தேடுவார்கள். இதைத் தாங்கும் பொறுமை வேண்டும். வேலையில் இருந்துகொண்டே தேர்வெழுதி உயரவும் வழி உண்டு. மலேசிய வங்கியர் கழகம் 1977-இல் தொடங்கப்பட்டு, இன்று ஆசிய பட்டய வங்கியர் கழகம் என்ற பெயரில் அத்தகைய தேர்வுகளை நடத்துகிறது.

இனி, இதையெல்லாம் அறிந்துகொண்ட நாம் வீட்டில் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, பெயர். நம்மவர் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் 'ஐ' என்று முடிப்பார், மற்றொருவர் 'ஒய்' என்று முடிப்பார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாளக் கார்டில் ஒரு விதம், தோட்டப் பதிவில் ஒரு விதம் என்று முனியாண்டி ஒருவரே மூன்று பேராகிவிடுகிறார். தலைமையக மேசையில் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது. எழுத்தும் எண்ணும்தான் தெரியும். ஆதலால், எல்லாப் பதிவுகளிலும் அடையாளக் கார்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சேமநிதி. 1951-ஆம் ஆண்டில் தொடங்கிய ஊழியர் சேமநிதி வாரியமும் ஒரு பெரிய செக்ரோல்தான். 1,700 வெள்ளி சம்பளம் பெறும் அறுபது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு, அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி அவர் பெயரில் ஏறவேண்டும். 2024 மே மாதம் முதல், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இது மூன்றாகப் பிரிகிறது. ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15 விழுக்காடு, எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்குக்கு 10 விழுக்காடு. சம்பளச் சீட்டில் பிடித்த தொகை சேமநிதிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஒத்திட்டுப் பாருங்கள். தலைமையகத்தார் செய்யும் அதே வேலைதான் இது. சீட்டில் பிடித்திருந்தும் கணக்கில் ஏறாவிட்டால், வாரியத்திடம் முறையிடலாம். அதற்குச் சம்பளச் சீட்டே சாட்சி, அதைக் கிழித்தெறியாதீர்கள். நியமனதாரர் பெயரையும் பதிந்து வையுங்கள். திருமணமான பின் அதனைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

மூன்றாவது, உறங்கும் பணம். பல ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கில் உள்ள பணத்தை, 1965-ஆம் ஆண்டுக் கோரப்படாத பணச் சட்டத்தின்படி வங்கி அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர்கள், இறந்துபோன தாத்தா பாட்டிமார் இவர்களின் பெயரில் இப்படிப்பட்ட பணம் இருக்கக்கூடும். இ-குமிஸ் என்னும் அரசாங்க இணையவாசலில் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். உரியவரோ அவருடைய வாரிசோ ஆதாரம் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். காலந்தாழ்த்தாமல் தேடுவதே நல்லது.

நான்காவது, மிக முக்கியமானது. பட்டுவாடா அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்கக்கூடாது. வட்டிக்காரரிடம் அட்டையை அடகு வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. வேறு சிலர், "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் முந்நூறு தருகிறேன்" என்று கேட்டு வருகிறார்கள். மோசடிப் பணத்தை அதன் வழியே கடத்துவார்கள். இதற்குக் கழுதைக் கணக்கு என்று பெயர். பொதியின் சொந்தக்காரர் யாரென்று தெரியாது, பிடிபடுவது கழுதைதான். 2024-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, கணக்கை இவ்வாறு பிறர் கையில் விடுவது தனிக் குற்றமாக்கப்பட்டுள்ளது. மாதம் 1,700 வெள்ளி வரும் கணக்கில் ஒரே நாளில் 30,000 வெள்ளி வந்து, உடனே வெளியேறினால், தலைமையகத்தில் அதைக் கவனிக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பேங்க் நெகாராவுக்கு அறிவித்தாக வேண்டும். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அப்போது சொல்வது எடுபடாது. அதே போல, நாம் ஏமாற்றப்பட்டுப் பணம் பறிபோனால், வெட்கப்பட்டு வீட்டில் முடங்கிவிடாமல், உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தகவல் கிடைத்தால்தான் இடையிலேயே தடுக்க முயல முடியும். மணிக்கணக்கு அங்கே பெரிது.

நேயர்களே, எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நம் முன்னோர் கிராணியார் எழுதியதை நம்பிக் கைநாட்டு வைத்தார்கள். எழுதியது சரியா, தவறா என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை. இன்று அந்த ஏடு கோலாலம்பூருக்குப் போய்விட்டது, பெரிதாகவும் ஆகிவிட்டது. ஆனால், நம் பக்கத்தை நாமே வாசிக்க முடிகிறது. இந்த வார இறுதியில், படித்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் எடுத்து வைத்து, பெயரும் எண்ணும் தொகையும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால், தயங்காமல் போய்க் கேளுங்கள்.